கரையில் ஒரு பானை மணல்

எல்லாரும் கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்கள் கால் வலிக்க நிற்பானேன்? ம், இப்போது சரி.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் எண்ணத் தெரியாது, மருதவாய் என்று ஓர் ஊர் இருந்தது. கதை என்றால் ராஜா வேண்டுமே என்பீர்கள். ராஜா இருந்தார். எங்கேயோ தலைநகரத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிடுவோம்.

மருதவாய்க்கு ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு ஒரு கரை இருந்தது. கரைக்கு ஒரு காவலர் இருந்தார். அவர் பெயர் மாசிலாமணியார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆனி மாதம் முதல் நாள், ஒவ்வொரு வீட்டாரும் ஏரிக்குள் இறங்கி வண்டல் வெட்டி, ஒரு கூடை மண்ணைக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். மழை கரைத்துப் போனதைக் கூடை நிரப்பும். ஆனால் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஓர் இடம் உண்டு. இது மேட்டுவீட்டார் இடம், அது பனங்காட்டார் இடம் என்று சின்னப் பிள்ளைகூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

கரையில் இடம் உள்ள வீட்டுக்கு ஏரியில் தண்ணீர். இடம் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் இல்லை. புதிதாக ஒருவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றால் கரைக்காவலர்தான் கொடுக்கலாம். கடைசியாக எந்தக் காவலர் யாருக்குக் கொடுத்தார் என்பது ஊரில் யாருக்கும் நினைவில்லை.

மாசிலாமணியார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவரைத் திட்டக் கூடாது. காலையில் ஒரு நடை, உச்சியில் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை என்று கரையைச் சுற்றி வருவார். எங்கேயாவது நண்டு வளை கண்ணில் பட்டால் அதை அடைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு குறை. பெருமை.

"இந்தக் கரையில எங்க வீட்டு மண்ணுதான் மூத்த மண்ணு. ஏரி பொறந்த அன்னிக்கே நாங்க இங்க இருந்தோம். எங்கிருந்தோ வந்தவங்க இல்ல" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அவர் மனைவி செங்கமலம் ஊருக்கு மருத்துவச்சி. மருதவாய்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில்தான் முதல் அழுகை அழுதவர்கள். கணவர் பெருமை பேசும்போதெல்லாம் "ம்" என்பாள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில், ஒரு சித்திரை மாதம், கிழக்கே இருந்து நாற்பது பேர் நடந்து வந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, காலில் கொப்புளம். அவர்கள் ஊர் சிப்பித்துறை. ஒருநாள் கடல் அந்த ஊருக்குள் வந்தது. வந்த கடல் திரும்பிப் போகவில்லை. வீடு போயிற்று, தோணி போயிற்று, ஊர் இருந்த இடமே போயிற்று. மிச்சமிருந்த ஒரு மேட்டில் நின்று, ஒரு பானை மணலை மட்டும் அள்ளிக்கொண்டு புறப்பட்டார்கள். போயும் போயும் மணலையா அள்ளுவார்கள் என்று சிரிக்காதீர்கள். வீடே போகும்போது கைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் அள்ள முடியும்.

அவர்களை முன்னால் நின்று கூட்டி வந்தவன் கடம்பன். அவன் மனைவி பவழி நிறைமாதக்காரி. பத்தடி நடப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி நடப்பாள்.

ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பத்துக்கு நாளுக்கு ஒரு குடம் தண்ணீர், குடிக்க மட்டும் என்றார்கள். கடம்பன் மாசிலாமணியாரிடம் வந்து கைகட்டி நின்றான்.

"ஐயா, எங்களுக்கும் கரையில ஒரு இடம் கொடுங்க. வருசம் தவறாம கூடை போடுறோம்."

"தண்ணி போதாதுப்பா" என்றார் மாசிலாமணியார்.

இதைக் கேட்டிருந்தால் அந்த ஏரியே சிரித்திருக்கும். வருஷா வருஷம் மார்கழியில் தண்ணீர் மிஞ்சிப்போய், கரை ஓரத்துக் கலிங்கு வழியாக வழிந்து, யாருக்கும் உதவாமல் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஊரார் வேறு மூன்று குறை கண்டுபிடித்தார்கள். முதல் குறை, வந்தவர்கள் கத்திப் பேசுகிறார்கள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? இரண்டாம் குறை, கருவாடு சுட்டால் தெருமுனை வரைக்கும் வாசம் வருகிறது. வருகிறதுதான். வாசம் வந்ததும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் புளியமரத்தடிக்கு ஓடியதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் குறை, உடைந்த தோணிப் பலகை ஒன்றை நட்டுவைத்து அதற்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். பலகையைக் கும்பிடலாமா என்று கேட்டவர்கள், வீட்டுக்குப் போய் உலக்கைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள்.

கருவாட்டுக்கு ஓடிய பிள்ளைகளில் ஒன்று பவழியிடம் சொன்னது, "கரையில மண்ணு போட்டாத்தான் அக்கா எங்க ஊர்ல தண்ணி."

அவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டாள் பவழி. காவலரிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்பதைப் பிள்ளை சொல்லவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் மணல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கரையேறினாள். எது யார் இடம் என்று தெரியாமல், ஒரு கோலம் இழுக்கிறவள் மாதிரி நீளமாகக் கொட்டிக்கொண்டே போனாள். மேட்டுவீட்டார் இடத்தில் கொஞ்சம், பனங்காட்டார் இடத்தில் கொஞ்சம், மாசிலாமணியார் வீட்டு இடத்தில் கொஞ்சம்.

கோடையில் கரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மணல் சரசரவென்று வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. கரை நம் மணலை வாங்கிக்கொண்டது என்று அவளுக்குச் சந்தோஷம்.

அப்போதுதான் காலை நடைக்கு வந்தார் மாசிலாமணியார். வெறும் பானையைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ஒரு நாழிகைக்குள் ஊர் கூடியது.

"கேக்காம என் கரையில கைவச்சுட்டாங்க. இன்னியிலருந்து மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் கிளம்பணும்" என்றார்.

செங்கமலம் பவழியின் வயிற்றைப் பார்த்தாள். "ஏங்க, மேற்க அடுத்த தண்ணிக்கு நாலு நாள் நடக்கணும். இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பொட்டல் காட்டுல, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, பிள்ளையைப் பெத்தா ரெண்டு உசுரும் தங்காது."

மாசிலாமணியாருக்கும் அது உறைத்தது. ஆனால் ஊர் முன்னால் சொன்ன வார்த்தை. "நான் என்ன செய்ய? முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பவழி மெல்ல எழுந்து நின்றாள். "தெரியாம செஞ்சுட்டேன் ஐயா. நாங்க போயிடறோம். ஆனா அந்த மணலைத் திருப்பிக் கொடுத்துடுங்க. எங்க ஊர்னு சொல்ல அது ஒண்ணுதான் மிச்சம். பொறக்கப்போற பிள்ளைக்கு அதையாவது காட்டணும்."

அவள் கேட்டது நியாயம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அவங்க பொருள் அவங்க கைக்கு வந்து சேர்ற வரைக்கும் அவங்களை அனுப்ப முடியாது. அதுவும் முறைதானே?" என்றாள் செங்கமலம்.

"மூணே நாள். மூணு நாளில எடுத்துக் கொடுக்கறேன். வெளியூர் மண்ணு ஒரு பிடிகூட என் கரையில இருக்காது" என்று ஊரறியச் சொன்னார் மாசிலாமணியார். வாய் சும்மா இருந்ததா பாருங்கள்.

முதல் நாள். மேட்டுவீட்டார் இடத்தில் மண்வெட்டி விழுந்தது. மேலே ஒரு கை மணல் கிடைத்தது. மீதி வெடிப்போடு கீழே போயிருந்தது. முழங்கால் ஆழம் வெட்டினார்கள், இடுப்பு ஆழம் வெட்டினார்கள். மருதவாய் மண் சாம்பல் நிறக் களிமண். திடீரென்று மண்வெட்டியில் செக்கச்செவேலென்று மண் வந்தது. அந்த மாதிரிச் செம்மண் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம்தான் உண்டு.

"எங்க இடத்துல செம்மண்ணு எப்படி வந்துச்சு?" என்றார் மேட்டுவீட்டுக்காரர். கொஞ்சம் யோசித்தார். "வெளியூர் மண்ணு ஒரு பிடி இருக்காதுன்னீங்களே. இதையும் எடுக்கப்போறீங்களா? எடுத்தா... நாங்க எங்க போறது?"

"யாராவது விளையாட்டுக்குப் போட்டிருப்பாங்க. மூடு, மூடு" என்றார் மாசிலாமணியார்.

இரண்டாம் நாள். பனங்காட்டார் இடம். மேலே ஒரு கை மணல். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், மார்பு ஆழம். அடியில் கரிசல். எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும் கரிசல் மண். தெற்கே பத்து நாள் நடந்தால்தான் அதைப் பார்க்கலாம்.

பனங்காட்டு வீட்டம்மா குனிந்து பார்த்தாள். "ஊரெல்லாம் கல்யாணத்துக்கு அரிசி மாவுல மாவிளக்கு வைப்பாங்க. எங்க வீட்ல மட்டும் கம்பு மாவுலதான் வைக்கணும். ஏன்னு கேட்டா எங்க மாமியாருக்கும் தெரியாது" என்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள். ஒரு குடம் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனதைப் பிற்பாடு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் மாசிலாமணியாருக்குக் கை போகவில்லை. "செம்மண்ணுக்காரனும் கரிசக்காரனும் எப்பவோ வந்துட்டாங்க. சரி, போகட்டும். ஆனா இவங்களால ஊருக்கு என்ன பிரயோஜனம் சொல்லு" என்று செங்கமலத்தைக் கேட்டார்.

"நான் எத்தனையோ பிரசவம் பாத்திருக்கேன்" என்றாள் அவள். "பிள்ளையைக் கையில வாங்கினதும் உன்னால என்ன பிரயோஜனம்னு யாரும் கேட்டதில்லை. முதல்ல துடைச்சு, துணியில சுத்தி, நெஞ்சோட வச்சுக்குவோம். மத்ததெல்லாம் பிற்பாடு." சொல்லிவிட்டு, ரசம் ஊற்றினாள்.

மூன்றாம் நாள். மிச்சம் இருந்தது அவர் வீட்டு இடம் ஒன்றுதான். விடிந்தும் விடியாமல் தனியாகப் போனார். யாரையும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் முழங்கால் ஆழத்தில் இருந்தபோது, செங்கமலம் இரண்டு குடத்தோடு கரைமேல் வேகமாக வந்தாள். "பவழிக்கு வலி வந்துருச்சு" என்றாள்.

"குடும்பத்துக்கு ஒரு குடம்னுதானே பேச்சு" என்றார். தன் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"இது நம்ம வீட்டுத் தண்ணி. இன்னிக்கு நம்ம வீட்ல உலை இல்லை, குளியல் இல்லை. எனக்குத் தாகமும் இல்லை." நிற்காமல் போய்விட்டாள்.

அவர் வெட்டினார். இடுப்பு ஆழம், சாம்பல் நிறக் களிமண். நம் மண்தான் என்று மூச்சு விட்டார். மார்பு ஆழம், களிமண். பார்த்தாயா, எங்கள் மண்தான் மூத்த மண் என்று லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். கழுத்து ஆழத்தில் மண்வெட்டி வேறு மாதிரிச் சத்தம் கொடுத்தது.

உட்கார்ந்து கையால் தோண்டினார். மண் கறுப்பாக வந்தது. கரிசல் இல்லை. கரி. உள்ளே வெந்த ஓட்டுத்துண்டு கிடந்தது. பாதி எரிந்த கதவுத் துண்டு கிடந்தது. ஒரு பிடி நெல் கிடந்தது, அத்தனையும் கருகிய நெல். இத்தனை காலமாகியும் உமி உமியாக அப்படியே இருந்தது.

எந்த ஊரோ. யார் கொளுத்தினார்களோ. எரிந்த வீட்டு வாசலில் நின்று, சூடு ஆறாத மண்ணை ஒரு கூடை அள்ளிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் ஓடி வந்திருக்கிறார். அவர்தான் மாசிலாமணியார் வீட்டின் முதல் ஆள். அவரும் இந்தக் கரையில் வந்து கைகட்டித்தான் நின்றிருப்பார்.

மாசிலாமணியார் குழிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது அவருக்குத் தெரியவில்லை. புளியமரப் பக்கம் ஒரு சின்ன அழுகுரல் கேட்டது. அப்புறம் குழிக்கு மேலே செங்கமலத்தின் முகம் தெரிந்தது.

"பொண்ணு. தாயும் பிள்ளையும் சௌக்கியம்" என்றாள். பிறகுதான் அவர் கையைப் பார்த்தாள். "என்னங்க அது?"

"நம்ம வீட்டு மண்ணு" என்றார். கருகிய நெல்லை அவளிடம் நீட்டினார். "எங்கிருந்தோ வந்தவங்கதான் நாங்களும். செங்கமலம், இந்த மண்ணை இங்க போடணும்னா அன்னிக்கு இருந்த கரைக்காவலர் 'போடு'ன்னு சொல்லியிருக்கணும். தண்ணி போதாதுன்னு அவர் சொல்லியிருந்தா?"

அவர் அழுதார். ஐம்பது வயதுக்காரர், ஊரே பயப்படும் மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். செங்கமலம் குழி ஓரத்தில் உட்கார்ந்து, எட்டி அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அப்படியே மண்ணும் கரியுமாக எழுந்து, புளியமரத்தடிக்குப் போனார். நாற்பது பேரும் மூட்டை கட்டித் தயாராக நின்றார்கள். மூன்றாம் நாள் அல்லவா? பவழி பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு தாயி" என்றார் மாசிலாமணியார். "உன் மணலை என்னால திருப்பித் தர முடியலை. எங்க மண்ணோட கலந்துபோச்சு. எது உங்களது, எது எங்களதுன்னு பிரிக்கத் தெரியலை. அதனால..." கரிபடிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அதனால அங்கயே இருக்கட்டும். நீங்களும் இருங்க. கரையில சிப்பித்துறையார் இடம்னு ஒண்ணு விடுறேன்."

யாரும் கைதட்டவில்லை, யாரும் ஆரவாரம் செய்யவில்லை. கடம்பன் தலையிலிருந்த மூட்டையைக் கீழே இறக்கினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். பவழி மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். கடல் வந்த அன்றைக்குக்கூட அழாதவள்.

அன்று சாயங்காலமே எல்லாருமாகச் சேர்ந்து மாசிலாமணியார் தோண்டிய குழியை மூடினார்கள். ஆனியில் சிப்பித்துறையாரும் கூடை போட்டார்கள். கத்திக் கத்திப் பேசிக்கொண்டேதான் போட்டார்கள். மருதவாய்க்காரர்களுக்கு அது பழகிப்போனது. கருவாடும் பழகிப்போனது. அதை எப்போது சுடுவார்கள் என்று விசாரிக்கிற அளவுக்குப் பழகிப்போனது.

கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. வடக்கே மழை பொய்த்து, முப்பது பேர் மருதவாய்க்கு நடந்து வந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, காலில் கொப்புளம். அவர்கள் பேச்சே யாருக்கும் புரியவில்லை.

மாசிலாமணியாருக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். கரையில் உட்கார்ந்திருந்தார். ஒருவன் வேகமாக வந்து அவர் முன்னால் நின்றான். "ஐயா, இப்படி வர்றவங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தா நம்ம ஊரு என்னாகறது? நமக்கே தண்ணி போதாது" என்றான்.

யார் என்று நினைக்கிறீர்கள்? நம் கடம்பன்தான்.

மாசிலாமணியார் கோபப்படவில்லை. பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"சிப்பித்துறையார் இடம் அதோ இருக்கு. ரொம்ப ஆழமெல்லாம் வெட்ட வேண்டாம், முழங்கால் அளவு போதும். தோண்டிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

கடம்பன் மண்வெட்டியைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். கரைக்குக் கீழே, அன்றைக்குப் பிறந்த பெண், பன்னிரண்டு வயதுக்காரி, அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் ஏரியில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒரு சிறுபிள்ளை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். முகத்தை வழித்துத் துடைத்துக்கொண்டான். பிறகு வீட்டுக்கு ஓடி, அங்கிருந்த குடங்கள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஆகையால் பிள்ளைகளே, என்றோ ஒருநாள் நம்மவருக்கும் யாரோ இடம் கொடுத்தார்கள் என்பதை மறக்காமல், இன்று நம்மைத் தேடி வருகிறவர்களுக்கு நாம் இடம் கொடுக்க வேண்டும்.